மெல்ட் அண்ட் போர் சோப்பு: கோளாறைப் பார்த்துக் காரணம் கண்டுபிடிப்பது எப்படி

தயாராகக் கிடைக்கும் சோப் பேஸை வாங்கி, உருக்கி, மோல்டில் ஊற்றிச் செய்வதுதான் மெல்ட் அண்ட் போர் சோப்பு. அதில் ஒரு குறை கண்ணில் பட்டதும் அதை நறுக்கி மறுபடி அடுப்பில் ஏற்றிவிடுகிற பழக்கம் பலருக்கும் இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள். சோப் பேஸை உருக்கும் ஒவ்வொரு முறையும் அதிலுள்ள தண்ணீரில் ஒரு பங்கு ஆவியாகிறது, வாசனையும் பறக்கிறது. காரணம் தெரியாமல் உருக்கினால் பழைய குறை அப்படியே இருக்க, புதிதாக இன்னொன்று வந்து சேரும். வியர்த்த சோப்பை உருக்கவே தேவையில்லை. பூஞ்சை பிடித்ததை எத்தனை முறை உருக்கினாலும் பிரயோஜனமில்லை. லேயர் பிரிந்த சோப்பையும் இளகிய சோப்பையும் காப்பாற்றலாம், அதுவும் சரியான விதத்தில் செய்தால்தான்.

கீழே உள்ள அளவுகள் எல்லாம் 500 கிராம் பேஸுக்கு, அதாவது 100 கிராம் மோல்டில் ஐந்து சோப்பு வரும் கணக்குக்கு. கோளாறைத் தேடிப் போகும் முன் உங்களிடம் மூன்று பொருள்கள் இருக்க வேண்டும்: குச்சி வடிவ டிஜிட்டல் தெர்மாமீட்டர், ஒரு கிராமுக்குக் கீழேயும் துல்லியமாகக் காட்டும் சின்னத் தராசு, ஸ்ப்ரே பாட்டிலில் 99 சதவீத ஐசோப்ரொபைல் ஆல்கஹால். இந்த மூன்றாவதைக் கெமிக்கல் கடையில் ஐ.பி.ஏ. என்று கேட்டால் கொடுப்பார்கள். கை கழுவும் சானிடைசர் இதற்கு உதவாது. அதில் ஜெல்லும் வாசனையும் கலந்திருக்கும். ஐ.பி.ஏ. சட்டென்று தீப்பற்றும் பொருள். கேஸ் அடுப்பை அணைத்துவிட்டு, அடுப்பிலிருந்து தள்ளி வைத்துத்தான் தெளிக்க வேண்டும்.

மைக்கா என்ற மினுமினுக்கும் நிறப்பொடி வாங்கும் காசில் முதலில் தெர்மாமீட்டர் வாங்குங்கள். இந்த வேலையில் வருகிற கோளாறுகளில் பெரும்பகுதி சூட்டைக் கண்ணால் மதிப்பிடுவதால் வருபவை. தூரத்திலிருந்து சிவப்புப் புள்ளி காட்டி அளக்கும் வகையை வைத்திருந்தால் ஒன்று கவனியுங்கள்: அது மேற்பரப்பின் சூட்டை மட்டும்தான் சொல்லும். மேலே ஆடை கட்டி 50 டிகிரி காட்டும்போது உள்ளே 58 இருக்கலாம். நன்றாகக் கலக்கிவிட்டு அளக்க வேண்டும். பளபளக்கும் எவர்சில்வர் பாத்திரத்தின் மேல் நீட்டினால் அது காட்டும் எண்ணை நம்ப முடியாது.

பொதுவான சூட்டுக் கணக்கு இது. 60 முதல் 65 டிகிரி செல்சியஸுக்குள் உருக்குங்கள். 70-ஐத் தாண்ட விடாதீர்கள். 55 முதல் 58-க்குள் வாசனை சேருங்கள். சாதாரண மோல்டில் ஒரே நிறமாக ஊற்ற 55 போதும். லேயர் போடும்போது 50 முதல் 53. பேஸ் விற்பவர் வேறு எண் கொடுத்திருந்தால் அவர் சொல்வதே சரி, ஏனென்றால் ஒவ்வொரு பேஸின் கலவையும் வேறு.

சோப்பின் மேல் நீர்த்துளி அரும்பி நிற்கிறது

இதைத்தான் எல்லாரும் "சோப்பு வியர்க்குது" என்கிறோம். சோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்துத் தூக்கி எறிபவர்களும் உண்டு. கெடவில்லை. இந்தப் பேஸில் கிளிசரின் நிறைய இருக்கிறது. கிளிசரினுக்குக் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணம். இழுத்த ஈரம் மேற்பரப்பில் துளித்துளியாக நிற்கிறது. அதனால்தான் அதே கையால், அதே பேஸில் செய்த சோப்பு கோயம்புத்தூரில் காய்ந்து இருக்கும், சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ ஐப்பசி கார்த்திகை மழையில் நனைந்து நிற்கும்.

இரண்டு தவறுகள் இதை அதிகமாக்குகின்றன. ஒன்று, சீக்கிரம் இறுக வேண்டும் என்று ஃப்ரிட்ஜில் வைப்பது. குளிர்ந்த சோப்பை வெளியே எடுத்ததும் அறைக் காற்றின் ஈரம் அதன் மேல் படியும். ஐஸ் தண்ணீர் டம்ளரின் வெளிப்பக்கம் நனைவது போலத்தான். அறைச் சூட்டிலேயே இறுக விடுங்கள். 100 கிராம் சோப்புக்கு மூன்று நான்கு மணி நேரம் ஆகும், கோடையில் இன்னும் கொஞ்சம் கூடும். இரண்டாவது தவறு, மோல்டிலிருந்து எடுத்த சோப்பை "காயட்டும்" என்று நாள்கணக்கில் தட்டில் வைப்பது. அது எண்ணெயையும் காஸ்டிக் சோடாவையும் கலந்து செய்யும் கோல்ட் பிராசஸ் சோப்புக்கான முறை. அந்தச் சோப்பு வாரக்கணக்கில் காற்றில் இருந்து தண்ணீர் வற்ற வேண்டும். இதற்கு அந்தப் பக்குவம் தேவையே இல்லை. எடுத்த அன்றே காற்றுப் புகாமல் சுற்ற வேண்டும்.

வியர்த்துவிட்ட சோப்பைச் சரிசெய்யும் வழி: பஞ்சு ஒட்டாத துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள், தேய்த்தால் பளபளப்பு போய்விடும். ஃபேனுக்கு அடியில் சில மணி நேரம் வையுங்கள். ஏ.சி. அறை இருந்தால் இன்னும் நல்லது, அங்கே காற்று காய்ந்திருக்கும். மேலே லேசாக ஐ.பி.ஏ. தெளித்து, அது உலர்ந்ததும் கிளிங் ராப்பை இழுத்துப் பிடித்துச் சுற்றி, அடியில் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். பிளாஸ்டிக்குக்கும் சோப்புக்கும் நடுவே இடைவெளி இருந்தால் அந்த இடத்தில் மறுபடி துளி வரும். ஷ்ரிங்க் ராப் கவர் போட்டு ஹேர் டிரையரால் சூடு காட்டினால் இன்னும் இறுக்கமாகப் படியும். டிஷ்யூ பேப்பர், பட்டர் பேப்பர், துணிப்பை இவற்றில் நேரடியாகச் சுற்றாதீர்கள். காகிதம் ஈரத்தைக் குடித்து ஒட்டிக்கொள்ளும். உள்ளே பிளாஸ்டிக், வெளியே அலங்காரக் காகிதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வளைகாப்புக்கும் கல்யாணத்துக்கும் ரிட்டர்ன் கிஃப்ட்டாகக் கொடுப்பவர்கள் இதில் கூடுதல் கவனம் வைக்க வேண்டும். தாம்பூலப் பையில் வெற்றிலை ஈரமாகவே இருக்கும். அதோடு சுற்றாத சோப்பைப் போட்டால் சோப்பும் நனையும், வெற்றிலையிலும் பாக்கிலும் சோப்பு வாசனை ஏறும். சின்ன டப்பாவில் அடைத்துத்தான் போட வேண்டும். லட்டு, ஜாங்கிரி, மேக்ரூன் வடிவத்தில் செய்தால் "சோப்பு, சாப்பிடக் கூடாது" என்று பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். குழந்தைகள் வாயில் வைத்துவிடுவார்கள். பழங்களின் வாசனை போட்ட சோப்பு என்றால் பெரியவர்களே ஏமாறுவார்கள்.

மேலே நுரைக்குமிழ், உள்ளே காற்றுக்குமிழ்

மேலே நிற்கும் குமிழுக்கு ஊற்றியவுடன் இரண்டு மூன்று முறை ஐ.பி.ஏ. தெளித்தால் போதும், கண்ணெதிரே உடைந்துபோகும். ஆடை கட்டிய பிறகு தெளித்துப் பயனில்லை.

உள்ளே மாட்டிக்கொண்ட குமிழ்தான் கிளியர் பேஸில் அசிங்கமாகத் தெரியும். கரண்டியால் அடித்துக் கலக்கியது, விஸ்க் பயன்படுத்தியது, உயரத்திலிருந்து ஊற்றியது, இந்த மூன்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். சிலிகான் ஸ்பேட்டுலாவைப் பாத்திரத்தின் அடியோடு வைத்து மெதுவாகச் சுற்றுங்கள். ஊற்றும் முன் ஜக்கை இரண்டு நிமிடம் அப்படியே வைத்தால் குமிழ்கள் மேலே வந்து சேரும். அவற்றின் மேல் ஐ.பி.ஏ. தெளித்துவிட்டு, மோல்டின் ஓரத்தில் ஜக்கைச் சாய்த்து வழிய விடுங்கள். பூ, இலை என்று நுணுக்கமான வேலைப்பாடு உள்ள மோல்டாக இருந்தால் ஊற்றுவதற்கு முன் மோல்டுக்குள்ளும் ஒரு முறை தெளியுங்கள். இதழ் மடிப்புகளில் காற்று நின்று பள்ளம் விழாது.

லேயர் தனித்தனியாகக் கழன்று வருகிறது

இரண்டு நிற, மூன்று நிறச் சோப்புகளில் மிகவும் மனதைக் கஷ்டப்படுத்தும் கோளாறு இது. பார்ப்பதற்கு ஒட்டியிருப்பதாகத் தெரியும். குளியலறையில் இரண்டு நாள் பயன்படுத்தியதும் பலகை பலகையாகப் பிரிந்துவிடும்.

முதல் லேயர் முழுக்க ஆறி இறுகிய பிறகு இரண்டாவதை ஊற்றியதுதான் வழக்கமான காரணம். சூடு இருக்கும்போதுதான் ஒன்றோடொன்று உருகிப் பிடிக்கும். ஐ.பி.ஏ. தெளிக்காமல் விட்டதும் காரணமாகலாம். அது மேலே உள்ள மெல்லிய ஆடையை இளக்கி, ஒட்டுவதற்கு வழி செய்கிறது. குமிழ் உடைப்பது மட்டும் அதன் வேலை இல்லை. வாசனை எண்ணெய் அளவுக்கு மீறிப் போட்டிருந்தால் அது மேற்பரப்பில் படலமாக நின்று ஒட்டவிடாது. மைக்காவைத் தூளாகத் தூவி அதன் மேல் அடுத்த லேயரை ஊற்றி "கோடு" வரைபவர்களுக்கும் இதே கதிதான். கோடு வேண்டுமானால் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு மட்டும் தூவுங்கள்.

செய்ய வேண்டியது இது. முதல் லேயர் மேல் விரல் நுனியை மெல்ல வைத்துப் பாருங்கள். ஆடை கட்டியிருக்க வேண்டும், விரல் உள்ளே போகக் கூடாது, ஆனால் தொட்டால் சூடு தெரிய வேண்டும். மோல்டை லேசாக அசைத்தால் உள்ளே தளதளவென்று ஆட வேண்டும். அதுதான் பதம். அந்த நேரத்தில் மேற்பரப்பு முழுக்க நனையும்படி ஐ.பி.ஏ. தெளித்து, உடனே இரண்டாவது லேயரை 50 முதல் 53 டிகிரியில் ஊற்றுங்கள். ஸ்பேட்டுலாவின் முதுகில் விழும்படி ஊற்றினால் ஒரே இடத்தில் வேகமாக விழுந்து துளை போடாது. குளிர் நாடுகளில் எடுத்த வீடியோக்களில் "பத்து நிமிடம் காத்திருங்கள்" என்று சொல்வார்கள். 34 டிகிரி இருக்கிற நம் சமையலறையில் அதே லேயர் இறுக அதைவிட அதிக நேரம் பிடிக்கும். கடிகாரத்தைப் பார்க்காமல் பதத்தைப் பாருங்கள்.

இதற்கு நேர் எதிரான கோளாறும் உண்டு: இரண்டாவது லேயர் முதலாவதைத் துளைத்துக்கொண்டு இறங்கி நிறங்கள் கலந்துவிடும். ஊற்றியது மிகவும் சூடு, அல்லது ஆடை மெல்லிசு. 60-க்கு மேல் ஊற்றினால் நன்றாக இறுகிய லேயரே இளகிவிடும்.

முதல் லேயர் ஆறிப்போய்விட்டதென்றால் முட்கரண்டியால் மேலே கட்டம் கட்டமாகக் கீறி, ஐ.பி.ஏ. நன்றாகத் தெளித்து, இரண்டாவதை வழக்கத்தைவிட இரண்டு மூன்று டிகிரி கூடுதலாக ஊற்றுங்கள். ஏற்கெனவே பிரிந்துவிட்ட சோப்புக்கு, இரண்டு பக்கமும் கீறி, ஐ.பி.ஏ. தெளித்து, நடுவில் கொஞ்சம் உருகிய கிளியர் பேஸ் வைத்து அழுத்தினால் பிடித்துக்கொள்ளும். அழகுக்கு வைப்பதற்கு அது போதும். தினமும் தேய்த்துக் குளிப்பதற்கு அவ்வளவு உறுதி வராது.

உள்ளே வைத்த பூ உருகிவிட்டது, அல்லது மிதந்து மேலே வந்துவிட்டது

தனியாகச் செய்து உள்ளே பதிக்கும் சின்னச் சின்ன சோப்பு உருவங்களை எம்பெட் என்கிறார்கள். மெல்லிய எம்பெட்டின் மேல் 55-க்கு மேல் சூடான பேஸை ஊற்றினால் விளிம்பு கரைந்துவிடும். 50-ல் ஊற்றுங்கள். மிதக்காமல் இருக்க, முதலில் மோல்டின் பாதி வரை ஊற்றி ஆடை கட்டவிட்டு, தெளித்து, உருவத்தை வைத்து, மறுபடி தெளித்து, மீதியை ஊற்ற வேண்டும். எம்பெட்டை ஐ.பி.ஏ.வில் முக்கி எடுத்து ஒரு பக்கம் சாய்த்து இறக்கினால் அடியில் காற்று மாட்டாது. தட்டையாக வைத்தால் வெள்ளி நிறத்தில் ஒரு குமிழ் அடியில் நின்று கடைசி வரை தெரியும்.

நிறம் பக்கத்து லேயரில் பரவுகிறது

செய்த அன்று கோடு கத்தியால் வெட்டியது மாதிரி இருக்கும். ஒரு வாரத்தில் மங்கலாகி, வெள்ளைப் பகுதி ரோஸ் நிறமாகிவிடும். கேக்குக்குப் போடும் ஃபுட் கலரும், தண்ணீரில் கரையும் சாயங்களும் இப்படித்தான் செய்யும். அவை பேஸிலுள்ள ஈரத்தோடு நகர்ந்துகொண்டே இருக்கும். வெயில் பட்டால் வெளுத்தும் போகும். ஒரே நிறச் சோப்புக்கு இந்தச் சாயத்தால் தொல்லை இல்லை. லேயருக்கும் எம்பெட்டுக்கும் கூடாது.

இரும்பு ஆக்ஸைடு, அல்ட்ராமரைன், மைக்கா போன்றவை கரைவதில்லை, துகளாக நிற்கின்றன. அதனால் நகராது. ஆனால் மைக்கா என்று விற்பதெல்லாம் ஒன்றல்ல. கண்ணைப் பறிக்கும் நியான் நிறங்களிலும் சில சிவப்பு, ரோஸ் வகைகளிலும் மைக்காவின் மேல் சாயம் பூசியிருப்பார்கள். அந்தச் சாயம் கசியும். புதுப் பாக்கெட் வாங்கினால், அதில் ஒரு சின்னத் துண்டு செய்து, வெள்ளை பேஸுக்குள் புதைத்து, சுற்றி, ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். முப்பது சோப்பு ஆர்டர் எடுத்த பிறகு கண்டுபிடிப்பதைவிட இது எவ்வளவோ மேல். பரவிவிட்டதைத் திரும்ப எடுக்க வழியில்லை.

மைக்காவின் மினுமினுப்பு வரவில்லை என்றால் வெள்ளை பேஸில் போட்டிருப்பீர்கள். அதிலுள்ள டைட்டானியம் டை ஆக்ஸைடு ஒளியை மறைத்துவிடும். மினுமினுப்புக்குக் கிளியர் பேஸ்தான்.

சோப்பு பழுப்பாக மாறுகிறது

பழுப்பு எங்கே வந்தது என்று பாருங்கள். சோப்பு முழுக்க ஒரே மாதிரி வந்தால் வாசனை எண்ணெயில் வேனிலின் என்ற வெனிலா வாசனைப் பொருள் இருக்கிறது. வெனிலா மட்டுமல்ல, சாக்லேட், காபி, கேக், சில சந்தன வாசனைகளிலும் இருக்கும். சில நாளில் தொடங்கி வாரக்கணக்கில் கருத்துக்கொண்டே போகும். விற்பவரிடம் வேனிலின் எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். வெனிலா ஸ்டெபிலைசர் என்று ஒரு திரவம் கிடைக்கிறது. நிறம் மாறுவதைத் தள்ளிப்போடும், முழுதாக நிறுத்தும் என்று எண்ண வேண்டாம். அதைவிட எளிய வழி, அந்த வாசனையைப் பழுப்பு நிறமாகவே இருக்கப்போகும் லேயரில் மட்டும் போடுவது. காபி சோப்பில் கீழ் லேயருக்கு வாசனை, மேலே நுரை மாதிரி வரும் வெள்ளை லேயருக்கு வாசனையே வேண்டாம்.

பூவைச் சுற்றி மட்டும் பழுப்பு என்றால், அந்தப் பூவே காரணம். ரோஜா இதழையும் லாவெண்டர் பூவையும் உருகிய பேஸில் போட்டால் ஈரமும் சூடும் சோப்பின் காரத்தன்மையும் சேர்ந்து அவற்றைக் கருக்கிவிடும். படத்தில் அழகாகத் தெரிவது செய்த அன்று எடுத்த படம். காய்ந்த காலெண்டுலா இதழ் மட்டும் மஞ்சளைத் தக்கவைக்கும். ரோஜா வேண்டுமானால் சோப்பிலேயே இதழ் செய்து பதியுங்கள்.

பொடிகளின் கதை தனி. சோப்பு காரத்தன்மை உள்ளது. மஞ்சள்தூளிலுள்ள குர்குமின் காரத்தில் ஆரஞ்சாகவும் செம்பழுப்பாகவும் திரும்பும். குங்குமம் தயாரிக்க மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ப்பது இதே குணத்தை வைத்துத்தான். எனவே மஞ்சள் பேஸில் விழுந்ததும் நிறம் மாறினால் கலங்க வேண்டாம். நாளாக ஆக வெளிச்சத்தில் அது வெளிறவும் செய்யும். கால் டீஸ்பூனுக்கு மேல் போட்டால் துண்டில் கறை பிடிக்கும். பீட்ரூட் பொடி சிவப்பாக நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், பழுப்புதான் கிடைக்கும். செம்பருத்திப் பொடியும் சிவப்பு தராது. சாம்பல் கலந்த ஊதாவாகி, பிறகு பழுப்பாகும். வேப்பிலை, குப்பைமேனிப் பொடிகளின் பச்சை சில வாரத்தில் காக்கி நிறத்துக்கு இறங்கும். பச்சை நிலைக்க வேண்டுமானால் குரோமியம் ஆக்ஸைடு பச்சை ஒரு சிட்டிகை சேர்த்துக்கொள்ளலாம், வாங்கும்போது காஸ்மெடிக் கிரேடு என்று கேட்டு வாங்குங்கள். செஞ்சந்தனப் பொடி, காபித்தூள், கரி இவை ஏற்கெனவே அடர்ந்த நிறம் என்பதால் மாற்றம் அவ்வளவாகத் தெரியாது.

பேஸே மஞ்சளாகி, கெட்டியாகி, ஒரு காந்தல் வாடை வந்தால் அது சூடு மீறியது. அதைக் கீழே தனியாகப் பார்க்கலாம்.

பொடியும் கிளிட்டரும் அடியில் தங்குகின்றன

பேஸ் தண்ணீராக இருக்கும்போது ஊற்றியிருக்கிறீர்கள். பொடி கலந்த பேஸை ஜக்கிலேயே வைத்து, இடைவிடாமல் மெதுவாகக் கலக்கிக்கொண்டே 48 முதல் 50 டிகிரி வரை ஆற விடுங்கள். ஸ்பேட்டுலாவைத் தூக்கினால் கஞ்சி பதத்தில் வழியும். அப்போது ஊற்றினால் துகள் நின்ற இடத்திலேயே நிற்கும். இன்னும் ஆறினால் மோல்டின் மூலைகள் நிரம்பாது, மேலே சுருக்கம் விழும், எனவே ஒரே ஒரு மோல்டுக்கான அளவாகக் கலப்பது வசதி. துகள் இறங்காமல் தாங்குவதற்கென்றே சஸ்பென்ஷன் பேஸ் என்று தனியாக விற்கிறார்கள். காபித்தூள், ஓட்ஸ், கசகசா சோப்பு அடிக்கடி செய்பவர்களுக்கு அது லாபம்தான்.

கட்டிகட்டியாகப் புள்ளி தெரிந்தால், பொடியை உலர்வாகக் கொட்டியதுதான் காரணம். அரை டீஸ்பூன் மைக்காவை ஒரு டீஸ்பூன் கிளிசரினிலோ ஐ.பி.ஏ.விலோ குழைத்து, கட்டி தெரியாத அளவுக்குத் தேய்த்து, பிறகு சேருங்கள். கரித்தூள், முல்தானி மட்டி இரண்டும் குழைக்காமல் ஒருபோதும் கலக்காது. களிமண் வகைகள் ஒரு டீஸ்பூனுக்கு மேல் போனால் பேஸிலுள்ள ஈரத்தை உறிஞ்சி, ஊற்றும் முன்பே கெட்டியாக்கிவிடும்.

சோப்பு இறுகவில்லை, நுரையும் இல்லை

இங்கே ஒரு அடிப்படை விஷயத்தைப் புரிந்துகொண்டால் பாதித் தொல்லை தீரும். கோல்ட் பிராசஸ் முறையில் எண்ணெயோடு காஸ்டிக் சோடா சேர்ந்து சோப்பாகிறது. மெல்ட் அண்ட் போர் பேஸில் அந்த வேலை தொழிற்சாலையிலேயே முடிந்துவிட்டது. நீங்கள் மேலே ஊற்றும் தேங்காய் எண்ணெயைச் சோப்பாக்க அதில் காரம் மிச்சம் இல்லை. அந்த எண்ணெய் எண்ணெயாகவே நின்று, நுரையைக் கொன்று, சோப்பை இளக்கும். தேங்காய் எண்ணெய், பாதாம் எண்ணெய், ஷியா பட்டர், எதுவானாலும் எல்லாம் சேர்த்து ஒரு டீஸ்பூன்தான். தேன் தனியாக ஒரு டீஸ்பூன். வாசனை எண்ணெய் 2 சதவீதம், அதாவது 10 கிராம்; 3 சதவீதத்தைத் தாண்டவே வேண்டாம். எசென்ஷியல் ஆயில் 1 சதவீதத்திலிருந்து தொடங்குங்கள். கிராம்பு, பட்டை எண்ணெய்கள் தோலை எரிக்கும் என்பதால் அவற்றுக்கு அதைவிடவும் மிகக் குறைவு. விற்பவர் தரும் அதிகபட்ச அளவு இதைவிடக் குறைவாக இருந்தால் அதற்குக் கட்டுப்பட வேண்டும். சொட்டுக் கணக்கு வேண்டாம், தராசில் வையுங்கள். ஒவ்வொரு பாட்டிலின் சொட்டும் வேறு அளவு.

டபுள் பாய்லரில், அதாவது சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் பேஸ் பாத்திரத்தை வைத்து உருக்கும்போது, தண்ணீர் தளதளவென்று கொதித்துப் பேஸுக்குள் தெறிப்பதும், மூடியில் கோத்த ஆவி உள்ளே சொட்டுவதும் சோப்பை இளக்கும். தண்ணீர் சிம்மில் இருக்கட்டும். மூடியின் உட்புறம் ஒரு துணியைக் கட்டினால் சொட்டு உள்ளே விழாது.

இளகிய சோப்பைக் காப்பாற்ற, அதே அளவு புதுப் பேஸை உருக்கிக் கலந்து சேர்மானத்தின் விகிதத்தைப் பாதியாக்குங்கள். மேலே எண்ணெய்ப் படலம் நின்ற சோப்புக்கும் இதே வைத்தியம்தான்.

வெள்ளையாகவோ கறுப்பாகவோ புள்ளி, புளித்த வாடை

பூஞ்சை பிடித்ததன் அடையாளம் இது. இதில் சமரசமே கிடையாது. குப்பையில் போடுங்கள். மேலே சுரண்டிவிட்டுக் கொடுப்பது, உருக்கி மறுபடி ஊற்றுவது, இரண்டும் கூடாது.

கற்றாழைச் சோற்றை மிக்ஸியில் அடித்து, குப்பைமேனியைச் சாறு பிழிந்து, தேங்காய்ப்பால், தயிர் என்று சேர்த்தவர்களுக்குத்தான் இது வரும். கோல்ட் பிராசஸ் சோப்பு செய்யும் வீடியோவைப் பார்த்து அதே பொருளை இங்கே போடுவதால் வருகிற வினை. அங்கே காஸ்டிக் சோடா பச்சைப் பொருளை அடித்து மாற்றிவிடுகிறது. இங்கே அந்தச் சாறு 60 டிகிரியில் வெதுவெதுப்பாக உள்ளே போய், சர்க்கரையும் புரதமும் தண்ணீருமாக அப்படியே இருக்கிறது. ஒன்றிரண்டு வாரத்தில் கெடும். சோப்பு தானே கிருமியைக் கொல்லும் என்று நம்பி இதைக் குழந்தைக்குப் போடாதீர்கள்.

பச்சைச் சாறு இல்லாமலே இந்தச் சோப்புகள் செய்யலாம். கற்றாழை பேஸ், ஆட்டுப்பால் பேஸ் என்று தயாராகவே வாங்க முடியும். குப்பைமேனி, வேம்பு, நலங்கு மாவு வேண்டுமானால் முழுக்கக் காய்ந்த பொடியைச் சன்னமாகச் சலித்து, ஒரு டீஸ்பூனைக் கிளிசரினில் குழைத்துச் சேருங்கள். விரலில் தேய்த்தால் சொரசொரப்பு தெரியக் கூடாது. தெரிந்தால் முகத்துக்கு ஆகாது. வீட்டில் நிழலில் காயவைத்த இலை கையில் நொறுங்க வேண்டும், வளைந்தால் ஈரம் இருக்கிறது. பொடி போட்ட சோப்பை இரண்டு மூன்று மாதத்துக்குள் பயன்படுத்தி முடிக்கச் சொல்லுங்கள்.

வாசனை வரவே இல்லை

65 டிகிரியில் ஊற்றியிருந்தால் பாதி வாசனை அடுக்களையில் பரவியிருக்கும். எலுமிச்சை, ஆரஞ்சு எண்ணெய்கள் எப்படிப் போட்டாலும் சீக்கிரம் மறையும். எலுமிச்சைப்புல் எண்ணெய் அவற்றைவிட நிற்கும். மல்லிகை, தாழம்பூ என்று கடையில் விற்கும் ஊதுபத்தி எண்ணெயைச் சோப்பில் போடாதீர்கள். அது தோலில் படுவதற்காகத் தயாரித்தது அல்ல. சேர்த்த பிறகு ஒரு நிமிடமாவது மெதுவாகக் கலக்க வேண்டும். கிளியர் பேஸ் வாசனை சேர்த்ததும் கலங்கினால் அந்த எண்ணெயின் குணம் அது. 50 கிராமில் முதலில் சோதித்துப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

மோல்டிலிருந்து வர மறுக்கிறது

இழுக்காதீர்கள். நான்கு பக்கமும் மோல்டின் சுவரைச் சோப்பிலிருந்து வெளியே விலக்கிக் காற்று புக விடுங்கள், பிறகு அடியில் கட்டைவிரலால் அழுத்துங்கள். அப்படியும் வராவிட்டால் ஃப்ரீசரில் பத்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். வெளியே எடுத்ததும் படியும் ஈரத்தை ஒற்றிவிடுங்கள். கெட்டி பிளாஸ்டிக் மோல்டுக்கு இந்த ஃப்ரீசர் வழி அதிகம் தேவைப்படும், சிலிகானுக்கு அபூர்வம். சமையலுக்கு வைத்திருக்கும் சிலிகான் மோல்டைச் சோப்புக்கு எடுத்தால் திரும்பச் சமையலுக்குக் கொண்டுபோகாதீர்கள், வாசனை அதில் ஏறி நிற்கும்.

பேஸ் ரப்பர் மாதிரி, நூல் நூலாக, மஞ்சளாக

சூடு மீறித் தண்ணீர் வற்றிவிட்டது. மைக்ரோவேவில் இரண்டு நிமிடம் ஒரேயடியாக வைத்தவர்களுக்கு நடக்கும். 30 விநாடி வைத்து, எடுத்துக் கலக்கி, மறுபடி 15 விநாடி என்று போக வேண்டும். கடைசிக் கட்டிகள் கலக்கும்போதே கரைந்துவிடும், அவற்றுக்காக மறுபடி சூடாக்க வேண்டாம். பேஸை இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கினால் எல்லாம் ஒரே நேரத்தில் உருகும்.

லேசாகக் கெட்டியானதென்றால் ஒரு டீஸ்பூன் டிஸ்டில்ட் வாட்டர் சேர்த்து, குறைந்த சூட்டில் மெதுவாகக் கலக்கிப் பாருங்கள், பெரும்பாலும் சரியாகும். காந்தல் வாடை வந்துவிட்டால் அந்த வாடை போகாது. கிளியர் பேஸ் மஞ்சளானதும் திரும்பாது, ஆனால் காபி, கரி சோப்புகளுக்குப் பயன்படும்.

கெட்டுப்போகாத, வெறும் தோற்றத்தில் மட்டும் தோற்ற சோப்புகளை எல்லாம் சேர்த்து வையுங்கள். ஒரு சென்டிமீட்டர் கட்டங்களாக நறுக்கி, மோல்டில் பாதிக்கு மேல் போகாமல் நிரப்பி, ஐ.பி.ஏ. நனைய நனையத் தெளித்து, மேலே 52 டிகிரியில் புதுக் கிளியர் பேஸை ஊற்றினால் கண்ணாடிக்குள் வண்ணக்கற்கள் கிடப்பதாகத் தெரியும். வாசனைகள் ஒன்றோடொன்று சேருமா என்று முதலில் முகர்ந்து பாருங்கள். வெனிலாவோடு வேப்பிலை சேராது. சாயம் போட்ட துண்டுகளைக் கலக்காதீர்கள், அவை இங்கேயும் கசியும்.